மஸ்கிக்கு எத்தனை சுற்று

1

மகளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தால் நான் உடனே கேட்பதில்லை. கையைக் கழுவி, டீ போட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் அமுக்குவேன். மாதத்துக்கு ஒன்று வருகிறது, மிஞ்சிப்போனால் இரண்டு. அதைப் போகிற போக்கில் கேட்டு வீணாக்க மனசு வருவதில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது இருபது விநாடிதான் இருந்தது. "ஹாய்ப்பா. ஒரு சின்ன ஹெல்ப். மஸ்கிக்கு ஒரு ரீல் வேணும். ரொம்பப் பெரிய லூர் போடுவேன். எந்த கியர் ரேஷியோ எடுக்கலாம்? யோசிச்சுச் சொல்லுங்க. பை."

என் காதில் விழுந்தது வேறு. வளைகுடாவில் நாலு மாதம் இருந்தவனுக்கும் மிஸ்கீன் என்ற சொல் தெரியும். அரபியில் ஏழை, பாவப்பட்டவன் என்று பொருள். லீவு கிடைக்காதவன் மிஸ்கீன், ரூமில் யாரும் பேசாதவன் மிஸ்கீன், உச்சி வெயிலில் பஸ்ஸைத் தவறவிட்டவன் மிஸ்கீன். ஆகவே என் மகள் கனடாவில் யாரோ ஓர் ஏழைக்குத் தூண்டில் ரீல் வாங்கித் தரப்போகிறாள் என்று புரிந்துகொண்டேன். என்ன மனசு என் பிள்ளைக்கு என்று கண்கூடக் கலங்கியது. "யாருத்தா அந்த மிஸ்கீன்? வேலை வெட்டி இல்லாதவரா?" என்று பதில் அனுப்பினேன்.

வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள் வந்தன. பின்னாலேயே ஒரு மீனின் படம். வாத்து மூக்கு, சீலா மீனுடைய உடம்பு, விலாவில் புலிக்கு இருப்பதுபோல வரி. அதுதான் மஸ்கியாம். கனடாவின் நன்னீர் ஏரிகளில் இருக்கிறதாம். ஏழை இல்லை, ஏரிக்கே ராஜா என்று எழுதியிருந்தாள். அதையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது.

2

எனக்கு ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே கிடையாது. புதன்கிழமை சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீனைத்தான் பார்த்திருக்கிறேன். அமீரகத்தில் இந்தப் புஜைராவுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. எண்ணெய் டேங்குகள் வரிசையாக நிற்கும் டெர்மினல் ஒன்றில் ஃபிட்டர் வேலை. வால்வுகளும் அவற்றின் கியர்பாக்ஸ்களும் என் பொறுப்பு. இந்த ஒரு வேலையைத்தான் இத்தனை வருடமும் செய்திருக்கிறேன். அது நன்றாகத் தெரியும் என்ற திமிரும் உண்டு.

என் மகள் பவித்ரா இங்கேதான் பிறந்தாள். பேச ஆரம்பித்தபோது 'இல்லை' என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. அரபிக்காரர்களைப்போல "சோறு மாஃபி, பால் மாஃபி" என்று கையை விரிப்பாள். ஊரில் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளுக்கு அழுகை வரும்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அவளை, கடல் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பிரேக்வாட்டர் கல்லுக்குக் கூட்டிப்போவேன். ஃப்ளாட்டில் ஏசிக்கு அடியில் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு, காற்றாவது வாங்கலாமே என்று தொடங்கியது. பக்கத்துக் கல்லில் நின்ற பாகிஸ்தானி டிரைவர் ஒருவரைப் பார்த்துத் தூண்டில் பிடிக்கக் கற்றோம். லூர் என்ற பெயரெல்லாம் அப்போது தெரியாது. தகரத்திலும் மரத்திலும் மீன்போலச் செய்து கொக்கி மாட்டியிருப்பதற்கு அவள் வைத்த பெயர் பொம்மை மீன். பாரை மீன் கடித்தால் ரீலை என்னிடம் தராமல் அவளே சுற்றுவாள். கை வலித்தாலும் தரமாட்டாள். என்னை விட அவளுக்குத்தான் பொறுமை அதிகம்.

அவள் கனடாவுக்குப் படிக்கப்போய் ஏழு வருடம் ஆகிறது. அப்போதே என் மனைவியும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அங்கேயே ஏரிகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் வேலை. முதல் வருடம் தினமும் பேசினாள். அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் நான் சொன்னேனே, இருபது விநாடி. சண்டை ஒன்றும் இல்லை. "சாப்பிட்டியாத்தா?" என்பேன், "சாப்பிட்டேன்ப்பா" என்பாள். "குளிரா?" என்பேன், "குளிர்தான்" என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கேள்வி கிடைக்காது. பேச ஆசை இருந்தும் பேச்சு இல்லாமல் போவது எவ்வளவு கொடுமை என்று அந்த மௌனத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

போய்ப் பார்க்கலாம் என்று போன வருடம் விசாவுக்கு எழுதிப்போட்டேன். விண்ணப்பத்தில் ஓர் இடத்தில், சொந்த நாட்டோடு உங்களுக்குள்ள பிணைப்பு என்ன என்று கேட்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேஷன் கார்டும் மனைவியும் ஆலங்குடியில் இருக்கிறார்கள், எமிரேட்ஸ் ஐடி என் பர்ஸில் இருக்கிறது, பெற்ற பிள்ளை அவர்கள் நாட்டில் இருக்கிறாள். இதில் எதைப் பிணைப்பு என்று எழுதுவது? ஏதோ எழுதினேன். விசா கிடைக்கவில்லை. இந்த வருடக் கடைசியில் எனக்கு வேலை முடிகிறது, நானும் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு புஜைராவில் பிறந்த என் மகள், தான் பிறந்த ஊரைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில்தான் வர முடியும்.

இப்படி இருக்கும்போதுதான், எந்த கியர் ரேஷியோ எடுக்கலாம் என்று அவளாகக் கேட்டாள். அவள் ஒன்றைக் கேட்டு, அதற்கு என்னிடம் பதில் இருந்து எத்தனை வருடமாயிற்று! அந்த ஒரு பதிலை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு அது தவிர வேறு எதுவும் அந்த மாதம் முக்கியமாகப் படவில்லை.

3

எங்கள் ஸ்டோர்ஸில் சிவநேசன் அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். தம்பி கனடாவில் இருப்பதால் கனடா விஷயத்தில் எங்களுக்கெல்லாம் அவர்தான் தூதரகம். மஸ்கியைப் பற்றிக் கேட்டேன்.

"அது லேசில கடிக்காது தம்பி. பத்தாயிரம் தரம் வீசினால் ஒருக்காத்தான் கடிக்குமாம் எண்டு சனம் சொல்லும்."

"பிடிச்சா எப்படி அண்ணே சமைப்பாங்க? குழம்பா, வறுவலா?"

"சமைக்கிறதோ? அளந்து, படம் எடுத்துப்போட்டுத் திரும்பத் தண்ணியில விட்டிடுவினம்."

நான் நம்பவில்லை. பத்தாயிரம் முறை வீசி, வருகிற ஒரே மீனையும் போய் வா என்று அனுப்பிவிடுவதா? அன்று மாலை மகளிடம் கேட்டேன். உண்மைதான் என்றாள். ஏன் என்றேன். "அது இவ்ளோ வளர இருபது வருஷம் ஆகுதுப்பா" என்றாள். அதைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன், ஆசையில்.

அவள் போடப்போகிற லூரின் படத்தையும் அனுப்பியிருந்தாள். மெதுவடை அளவில் இரண்டு பித்தளைத் தகடு, பின்னால் மயிர்க்குஞ்சம். தண்ணீருக்குள் இழுத்தால் தகடு இரண்டும் சுழன்று, வாளியைக் கட்டி இழுப்பதுபோல் எதிர்த்து இழுக்குமாம். நாள் முழுக்க அதை வீசி வீசிச் சுற்ற வேண்டும். அவள் மணிக்கட்டு சின்னது, அவள் அம்மாவுடையதுபோல. ஆக வேண்டியது பலம். கைக்கு லேசாக இருக்கிற கியர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆலங்குடியிலிருந்து என் மனைவி செல்வி போனில் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசு ஆவுது. மாப்புள்ள பாருங்கன்னா நீங்க மீனு பாக்குறீகளாக்கும்?"

"மாப்பிள்ளை பாத்தா அவ போனை வச்சுருவா. மீனு பாத்தா பேசுறா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி துபாய் போனேன். அங்கே தேரா பகுதியில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடை ஒன்று. ரீல் கனடாவில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும், இன்னும் நல்லதாகவே கிடைக்கும். ஆனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எங்கே போனாலும் அவர்கள் கையில் நம் பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட வேண்டும். சிவநேசன் அண்ணனின் மருமகன் கனடா திரும்புவதாக இருந்தான். பொட்டலத்துக்கு ஆள் கிடைத்த பிறகு, பொட்டலம் கட்டாமல் இருப்பது எப்படி?

கடைக்காரர் மும்பைக்காரர். எனக்குப் பலம் வேண்டும் என்றேன். "பவர் சாஹியே தோ யே லே லோ, பாய்", பலம் வேண்டுமானால் இதை எடு என்று ஒரு ரீலை எடுத்து வைத்தார். பக்கவாட்டில் 5.3:1 என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொன்றில் 8.1:1. நான் எட்டைக் கையில் எடுத்தேன்.

"நஹி பாய், வோ ஸ்பீட்வாலா ஹை" என்றார் அவர். பலம் கேட்டுவிட்டு வேகத்தை எடுக்கிறாயே என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. கியரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார் பாருங்கள்! எங்கள் டெர்மினலில் ஆள் உயரத்துக்கு வால்வுகள் உண்டு. வெறும் கையால் அசைக்க முடியாது. பக்கத்தில் ஒரு கியர்பாக்ஸ், அதில் ஒரு சக்கரம். தகட்டில் 60:1 என்று அடித்திருக்கும். சக்கரத்தை அறுபது சுற்றுச் சுற்றினால் உள்ளே தண்டு ஒரு சுற்றுத் திரும்பும். எண் ஏற ஏறக் கைக்கு லேசு. இதை இருபத்தெட்டு வருடமாகத் தோளால் தெரிந்து வைத்திருக்கிறேன். எனக்கா தெரியாது என்று "மாலூம் ஹை, மாலூம் ஹை" சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டு எட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, கடைக்காரனுக்கு ஒரு எழவும் தெரியவில்லை, நான் விடாமல் நின்று சரியானதை வாங்கிவிட்டேன் என்று பெருமையடித்தேன். "எத்தனைப்பா?" என்று கேட்டாள். "எட்டுக்கு ஒண்ணு ஆத்தா. சும்மா வெண்ணெய் மாதிரி வரும்" என்றேன். "எட்டா?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு "சூப்பர்ப்பா" என்றாள்.

4

மே, ஜூன், ஜூலை. என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று சொன்னால் இந்த மூன்றையும் சொல்வேன். சிவநேசன் அண்ணனின் மருமகன் கையில் கொடுத்துவிட்ட ரீல் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளே கூப்பிட்டாள். ஏரியில் எந்த மூலையில் பாசி அதிகம், காற்று எந்தப் பக்கம், எத்தனை முறை வீசினாள் எல்லாம் சொல்வாள். நான் இங்கே கல்லில் என்ன கிடைத்தது என்று சொல்வேன். மஸ்கி ஒருமுறைகூடக் கடிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் அது சரியாகவே பட்டது. கடித்துவிட்டால் கதை முடிந்துவிடுமே என்ற பயம்.

அந்த மீனுக்கு ஒரு கெட்ட பழக்கமாம். லூரின் பின்னாலேயே படகு வரைக்கும் வரும், கடிக்காமல் பார்த்துக்கொண்டே நிற்கும். அப்போது லூரைத் தூக்கிவிடக் கூடாது. கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வரைய வேண்டும். "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல லைசென்ஸுக்குப் போடுவோமே, அந்த எட்டா?" என்றேன். அவளுக்கு ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸைத் தெரியாது. பைக்கை எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் தருவார்கள் என்று விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து எங்கள் இருவருக்கும் அது 'எட்டுப் போடுறது' ஆகிவிட்டது. அவளுடைய வெள்ளைக்காரத் தோழி ஒருத்தியும் இப்போது அப்படித்தான் சொல்கிறாளாம்.

நடுவில் ஒருமுறை, மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது வீடியோவில் தெரிந்தது. என்னவென்று கேட்டேன். "கம்ப்யூட்டர் வேலைப்பா" என்றாள்.

5

ஆகஸ்டில் ஒரு நாள் என் பழைய ரீலைக் கழற்றி உப்புப் போகக் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல் மேடையில் வைத்து, எண்ணெய் விட்டு, கைப்பிடியை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். நூல் சுற்றுகிற வளையம் விர்ரென்று சுழன்றது. ஏதோ உறுத்தியது. மறுபடி நிதானமாகச் சுற்றி எண்ணினேன். கை ஒரு சுற்று. வளையம் ஐந்து சுற்று.

அப்படியே நின்றுவிட்டேன். வால்வில் கை அறுபது சுற்றினால் தண்டு ஒன்று. ரீலில் கை ஒன்று சுற்றினால் உள்ளே ஐந்து, எட்டு. அதே மாதிரி எழுதியிருக்கிறது, விஷயம் தலைகீழ். எண் ஏற ஏற வேகம் கூடும், கைக்குப் பாரமும் கூடும். கடைக்காரர் சரியாகத்தான் சொன்னார். இருக்கிற ரீல்களிலேயே கனமாக இழுப்பதை, அந்தச் சின்ன மணிக்கட்டுக்கு நான் தேடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தப் பட்டை கம்ப்யூட்டரால் வந்ததல்ல.

ஐந்து நாள் சொல்லவில்லை. வெட்கம்தான். அவளுக்கு என்னிடம் கேட்க இருந்தது அந்த ஒரு விஷயம். அதிலும் அப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிட்டால், மறுபடி சாப்பிட்டியா, குளிரா என்ற இடத்துக்கே போய்விடுவோம் என்று பயந்தேன். சிவநேசன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் பேரேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ உன்ர மானத்தைப் பாக்கிறாய். பிள்ளைக்குக் கை நோகுதெல்லே? சொல்லிப்போடு."

சொன்னேன். "ஆத்தா, நான் தப்பான ரீலை வாங்கிட்டேன். அஞ்சுதான் எடுத்திருக்கணும். வால்வு ஞாபகத்துல எட்டை எடுத்துட்டேன்."

"தெரியும்ப்பா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"நீங்க கடையிலேர்ந்து வந்து எட்டுன்னு சொன்னப்பவே."

எனக்குக் கோபம் வந்தது. "பின்ன ஏன்டி சொல்லல? கையக் கெடுத்துக்கிட்டு?"

"அந்தத் தகடு லூருக்கு இப்ப வேற ரீல் வச்சிருக்கேன்ப்பா. முதல் மாசம்தான் உங்களோடதுல போட்டேன். வெட்டி வெட்டி இழுக்கிற லூர் இருக்கு, தொய்ஞ்ச லைனை டக்னு உள்ள வாங்கணும். அதுக்கு உங்க எட்டுதான் பெஸ்ட். அப்புறம் ரேஷியோ மட்டும் பாக்கக் கூடாதுப்பா. ஒரு சுத்துக்கு எவ்ளோ லைன் உள்ள வருதுன்னு பாக்கணும். லைன் சுத்துற ஸ்பூல் பெருசா இருந்தா சின்ன நம்பரே நிறைய இழுக்கும்."

இவ்வளவு தெரிந்தவள் என்னிடம் ஏன் கேட்டாள் என்று கேட்டேன்.

"இங்க லேக்ல எல்லாரும் அவங்க அப்பாகூட வர்றாங்கப்பா. இந்த ராடு எங்க அப்பாவோடது, இந்த பாக்ஸ் எங்க தாத்தாவோடதுன்னு சொல்றாங்க. என்கிட்ட இருக்கிற எல்லாம் நானே ஆன்லைன்ல வாங்கினது. ஒண்ணாவது எங்கப்பா வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லணும்னு இருந்துச்சு. எந்த நம்பரா இருந்தா என்ன?"

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனை மேடையில் வைத்துவிட்டு அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை. இங்கே பிற்பகல் மூன்றரை, அவளுக்குக் காலை ஏழரை. தோழியின் படகை வாங்கிக்கொண்டு தனியாக வந்திருந்தாள். போனை ஒரு கம்பியில் மாட்டி, தான் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். பின்னால் தண்ணீரும் ஊசியிலை மரங்களும். குல்லாய் போட்டிருந்தாள். என் ரீலும் ஒரு மர மீனும் கையில் இருந்தன. எங்கள் ஃப்ளாட்டில் ஏசி ஓடுகிற சத்தம், அவள் படகில் தண்ணீர் அடிக்கிற சத்தம்.

வீசினாள், இழுத்தாள், வீசினாள். எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்த மௌனம் எனக்கு உறுத்தவே இல்லை, பிரேக்வாட்டர் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. இப்படியே மாலை வரை இருக்கலாம் என்று நினைத்தேன்.

திடீரென்று குனிந்தாள். "அப்பா" என்றாள், மிக மெதுவாக. "பின்னாடியே வருது."

"எட்டுப் போடு. தூக்கிறாத, எட்டுப் போடு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து படம் நின்றுவிட்டது. நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. குனிந்த முதுகு, பாதி தெரிகிற கம்பு, வெளுத்துப்போன தண்ணீர், அவ்வளவுதான். குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. "அம்மாடி... எவ்ளோ பெருசு... கண்ணு தெரியுதுப்பா... என்னையே பாக்குது..." நான் போனைத் தட்டினேன். ஜன்னலுக்கு ஓடினேன், வாசலுக்கு ஓடினேன். படம் அசையவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் இந்த நாட்டில் எத்தனையோ தவறவிட்டிருக்கிறேன். ஊரில் சாவு, கல்யாணம், திருவிழா எல்லாம் போனில்தான். எதற்கும் இவ்வளவு பதறியதில்லை.

படம் திரும்ப வந்தபோது அவள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் வெறுமையாக இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் நீர்.

"போயிருச்சுப்பா. ரெண்டு எட்டு கூடவே வந்துச்சு, கடிக்கல. பாத்தீங்களா? அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேன் ஆத்தா" என்றேன். "எம்மாம் பெருசு!"

"தேங்க் காட்ப்பா. தனியா வந்திருக்கேன், சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இப்ப சாட்சிக்கு நீங்க இருக்கீங்க."

"இருக்கேன் ஆத்தா" என்றேன்.